கீமோவுக்குப் பின் ஜுரம்: முதல் ஒரு மணி நேரம்

திரையில்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், 101.2.

குரல்: கீமோ போட்டு ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ஜுரம் வந்தால் "பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். பெரும்பாலும் வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள் அவை. வாயில் வைத்து ஒருமுறை 101 காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலும் உடனே கிளம்புங்கள். டோலோ போட்டுக் காத்திருந்தால் ஜுரம் இறங்கும், கிருமி பெருகும். சூடாகக் காபி குடித்திருந்தால் கால் மணி கழித்துப் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது; சின்னக் கீறல் போதும், கிருமி ரத்தத்துக்குள் போய்விடும்.

திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

குரல்: மொத்த வெள்ளணு 1,800, அதில் கிருமியோடு சண்டை போடும் வகையான நியூட்ரோஃபில் 20 சதவீதம். பெருக்கினால் நியூட்ரோஃபில் 360. 500-க்குக் கீழே என்றால் ஆபத்து. சீழ் பிடிக்க வைப்பதே நியூட்ரோஃபில்தான். அது இல்லாதபோது சீழ் இருக்காது, வீக்கம் தெரியாது, நிமோனியாவில்கூட எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். ஜுரம் ஒன்றுதான் தடயம். அதனால்தான் எந்தக் கிருமி என்று தெரிவதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் தொடங்குகிறார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்து கீமோ போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள், ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு யோசிக்க நேரம் இருக்காது. பெங்களூரு கேஷுவாலிட்டியில் கன்னடத்தில் முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும்: "கீமோ ஆகிதெ, ஜ்வரா பந்திதெ" (கீமோ போட்டிருக்கிறது, ஜுரம் வந்திருக்கிறது). பென்சிலின் அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள். வரிசையில் உட்கார வேண்டாம்.

திரையில்: கல்ச்சர் பாட்டில்கள், டிரிப் ஸ்டாண்டு.

குரல்: முதலில் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, இரண்டு செட். கீமோ ஏற்றப் பெரிய ரத்தக் குழாயில் வைத்த சென்ட்ரல் லைனோ, தோலுக்கடியில் வைத்த போர்ட்டோ இருந்தால் ஒன்று அதிலிருந்து, ஒன்று கை நரம்பிலிருந்து. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்குச் சுமார் 10 மில்லி. கல்ச்சர் எடுக்கத் தாமதமானால் மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. அல்லது செஃபெபிம் 2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கிட்னி சரியில்லையென்றால் அடுத்தடுத்த டோஸ் மாறும். சின்ன கிளினிக்குகளில் கை போகிற செஃப்ட்ரியாக்சோன் இங்கே போதாது, சூடோமோனாஸ் என்ற ஆபத்தான கிருமியை அது பிடிக்காது. பிரஷர் இறங்கினாலோ, முன்பு கல்ச்சரில் மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்திருந்தாலோ மெரோபெனம். வான்கோமைசின் எல்லோருக்கும் வேண்டாம்: லைன் போட்ட இடம் சிவந்திருந்தால், தோலில் தொற்று இருந்தால், நிமோனியா என்றால், பிரஷர் நிற்கவில்லை என்றால் சேர்ப்பார்கள்.

ஆபத்து குறைந்தவர்களுக்கு மாத்திரையே போதும் என்று டாக்டர் சொல்லலாம். அது அவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. வீட்டில் மிச்சமிருக்கும் சிப்ரோ ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள்.

இரண்டாம் நாளும் ஜுரம் அடித்தால் பதற வேண்டாம். ஆள் தெளிவாக இருந்து, பிரஷர் நன்றாக இருந்தால், ஜுரத்துக்காக மட்டும் மருந்தை மாற்ற மாட்டார்கள். நாலிலிருந்து ஏழு நாள் தாண்டியும் நீடித்தால் பூஞ்சையைத் தேட வேண்டும்: நெஞ்சு சி.டி., தேவைப்பட்டால் பூஞ்சை மருந்து.