பழைய ஜீப்புக்குள் மழைத்தண்ணீர்: அடைப்பதற்கு முன் தேடுங்கள்

(காட்சி: ஓட்டுநர் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட். ஒரு கை அதைத் தூக்குகிறது.)

இந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தால் ஈரமே தெரியாது. இப்போது இதைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் கார்பெட்டை விரலால் அழுத்துகிறேன். பாருங்கள், விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வருகிறது. கடைசியாக மழை பெய்து நான்கு நாள் ஆகிவிட்டது.

பழைய ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ‘ஜீப் என்றால் ஒழுகத்தான் செய்யும்’ என்று அப்படியே ஓட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, குடித்த தண்ணீரை நாள்கணக்கில் விடாது. அதற்கு நேர் கீழே இரும்புத் தகடு. மேலே காய்ந்து கிடக்கும்போதே கீழே துரு தின்றுகொண்டிருக்கும். ஒருநாள் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரியும். ஒயரிங் இணைப்புகளும் பல வண்டிகளில் அந்த ஈரத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன.

முதலில், அது மழைத்தண்ணீர்தானா என்று பாருங்கள். விரலில் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டரிலிருந்து கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு மட்டும் சுத்தமான தண்ணீர் வந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் மேற்கொண்டு வாருங்கள்.

(காட்சி: கதவின் கண்ணாடி மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. கதவின் அடிவிளிம்பு அருகில் காட்டப்படுகிறது.)

இந்தக் கதவுக் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றுகிறேன். கண்ணாடியை ஒட்டி ஒரு ரப்பர் இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். இது பழுதில்லை. கதவைச் செய்தவர்களே அதை எதிர்பார்த்துத்தான் அடிவிளிம்பில் துளைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியே போய்விட வேண்டும். இந்தக் கதவில் போகவில்லை. ஏன்? துளையை அருகில் பாருங்கள். சேறு காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருக்கிறது. ஒரு மரக்குச்சியால் குத்துகிறேன்... வந்துவிட்டது. மூன்று மாதத் தண்ணீர் மொத்தமாகக் கொட்டுகிறது, துருவோடு சேர்ந்து.

இந்த வீடியோவில் நான் சொல்ல வந்ததும் இதுதான். இந்த வண்டிகளில் பல இடங்களில் தண்ணீர் உள்ளே வருவது கணக்கில் வைத்ததே. வந்த தண்ணீர் போகிற வழி அடைபட்டால்தான் அது கேபினுக்குள் திரும்புகிறது. அதனால் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை டியூபைக் கையில் எடுப்பதற்கு முன்னால், வடிகால்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சேற்றிலும் சருகிலும் ஓடுகிற வண்டிக்கு இது இரட்டிப்பு அவசியம்.

வடிகால் சுத்தமாக இருந்தும் கதவுப் பக்கம் ஈரம் வந்தால், கதவின் உள்பக்க உறையான டோர் பேடைக் கழற்றுங்கள். பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். யாரோ ஒருமுறை ஸ்பீக்கர் மாட்டியபோதோ, கண்ணாடி இறக்கும் மெஷினை மாற்றியபோதோ அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் கதவுக்குள் ஓடுகிற தண்ணீர் பேடை நனைத்து நேராகத் தரைக்கு வந்துவிடும். கனமான பாலித்தீன் தாளை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டுங்கள். தாளின் கீழ்விளிம்பு மட்டும் கதவின் உள்பக்கமாகப் போக வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீரைக் கேபினுக்கு நாமே அழைத்து வந்ததாகிவிடும்.

(காட்சி: பானட் திறந்திருக்கிறது. வைப்பர்களுக்குக் கீழே இருக்கும் கிரில்.)

அடுத்து கௌல். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில், சல்லடை மாதிரி ஒரு கிரில் இருக்கிறதல்லவா? அதற்கு அடியில் ஒரு தகட்டுப் பெட்டி. கேபினுக்குக் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. கண்ணாடியில் வழியும் மழையில் பெரும்பங்கு இதற்குள்தான் விழும். ஓரங்களில் இருக்கும் வடிகால் வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். சில வண்டிகளில் அந்த வடிகாலின் நுனியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அது சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் பெட்டி நிரம்பும். நிரம்பிய தண்ணீர் கேபினுக்குக் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயருக்குப் போகும் காற்று வழியில் ஏறி, பயணியின் காலடியில் கொட்டும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். இரண்டு மழைக்காலம் முன்கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசிக்கொண்டே இருந்தேன். பூசக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பிலும் கண்ணாடி ரப்பர்தான் காரணம் என்று உறுதியாகச் சொன்னார்கள். கடைசியில் கிரில்லைக் கழற்றிக் கையை விட்டபோது, இரண்டு கைப்பிடி மக்கிய இலை வந்தது. உள்ளே ஒரு சின்னச் செடியே முளைத்திருந்தது. வடிகால் திறந்த அன்றே ஒழுகல் நின்றது. ஆனால் அதற்குள் பயணி பக்கத் தரையில் உள்ளங்கை அளவுக்குத் தகடு போய்விட்டிருந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் தேடிவிட்டு அடையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சன்ரூஃப் இருக்கும் வண்டியிலும் இதே கதைதான். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள், கூரையைத் தாங்கும் தூண்கள் வழியாகக் கீழே இறங்கும். அவற்றை அடைப்பெடுக்கும்போது கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் விடாதீர்கள். குழாய் உள்ளுக்குள் கழன்றுகொண்டால் கூரை உறையையே இறக்க வேண்டிவரும்.

(காட்சி: காலியான கேபின். தரையில் செய்தித்தாள் விரிக்கப்பட்டிருக்கிறது. வெளியே ஒருவர் கையில் ஹோஸ்.)

சரி, வடிகால்கள் எல்லாம் திறந்தாகிவிட்டது. இன்னும் ஒழுகுகிறது. இப்போது தேட வேண்டும்.

தண்ணீர் சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள். ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், சொட்டுவது நடுக்கூடத்தில், உடைந்த ஓடு நான்கு வரிசை மேலே. வண்டியிலும் அப்படித்தான். கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடி, தூணில் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் சுற்றி, ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சொட்டும். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் சொட்டும் இடமே மாறிவிடும்.

மேட், கார்பெட், ஓரத்து உறைகள் எல்லாவற்றையும் கழற்றி வெறுந்தகடு தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் செய்தித்தாள் விரியுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கறையாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. ஹோஸில் நாசில் வேண்டாம், தண்ணீர் சும்மா வழிந்தால் போதும். பிரஷர் வாஷரைத் தொடவே கூடாது. அது மழை ஒருபோதும் நுழையாத இடத்திலும் நுழையும், நல்ல ரப்பரையும் கெடுக்கும்.

கீழிருந்து மேலே போங்கள். முதலில் கௌல், பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரம், மேல் ஓரம், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் நில்லுங்கள். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், எது நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே சந்தேகமான இணைப்புகளில் முகப்பவுடர் தூவிவைத்தால், தண்ணீர் வந்த தடம் கோடாக விழும்.

ஆஃப்ரோடு வண்டிக்கென்றே இன்னொரு தடயம் உண்டு: புழுதி. மண்பாதையில் ஓட்டிவிட்டு வந்து கதவுகளைத் திறந்து ரப்பரைப் பாருங்கள். எந்த இடத்தில் ரப்பரைத் தாண்டி உள்பக்கம் புழுதிக் கோடு விழுந்திருக்கிறதோ, அந்த வழியில் தண்ணீரும் வரும். பெட்டி மாதிரி நேராக முடியும் வண்டிகளில் ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறையும், புழுதியும் சாரலும் பின்கதவுப் பக்கம் இழுக்கப்படும். நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் பின்னால் நனைகிறது என்றால் பின்கதவு ரப்பரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

(காட்சி: கதவிடுக்கில் ஒரு தாள்.)

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாள் போதும். இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் கதவைத் தொடவே இல்லை. உடனே புது பீடிங் வாங்கிவிடாதீர்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்து, பூட்டு மாட்டும் கொக்கியையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தால் பழைய ரப்பரே அமர்ந்துவிடலாம். புதிது போடுவதாக இருந்தால் இணைப்பு கதவின் அடியில் வரும்படி போடுங்கள். ரப்பர் காயாமல் இருக்க சிலிக்கான் கிரீஸ் தடவலாம். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இப்போது முன்கண்ணாடி. பழைய வண்டிகளில் கண்ணாடி ஒரு தடித்த ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும். ரப்பரின் ஒரு பள்ளம் கண்ணாடியைப் பிடிக்கும், இன்னொன்று தகட்டு விளிம்பைப் பிடிக்கும். அதனால் ஒழுகவும் இரண்டு வழி. ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்தால், பிளாஸ்டிக் கரண்டியால் அதன் உதட்டை மெல்லத் தூக்கி, இறுகிப்போகாத அடைப்புப் பசையான மாஸ்டிக்கை உள்ளே செலுத்துங்கள். கீழ் மூலைகளில் தொடங்குங்கள், தண்ணீர் தேங்குவது அங்கேதான். ரப்பர் வெடித்திருந்தாலோ, பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தாலோ கண்ணாடியை எடுத்தே ஆக வேண்டும். விளிம்பில் துருவை வைத்துக்கொண்டு மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

கண்ணாடியை மடக்கக்கூடிய ஜீப் ராங்லர் மாதிரி வண்டிகளில் சட்டத்துக்கும் கௌலுக்கும் நடுவே தனி ரப்பர் ஒன்று உண்டு. பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டரில் கண்ணாடிக்குக் கீழே திறந்து மூடும் காற்று மூடிகள், அவற்றைச் சுற்றி ஃபோம். இரண்டையும் மறக்காமல் பாருங்கள். டிஃபெண்டரில் பெரும்பாலான வெளித்தகடு அலுமினியம், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் முன்தடுப்புச் சுவர் இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

கூரையில், தகடுகள் சேரும் மழைக்கால்வாயில் பழைய சீலண்ட் வெடித்திருக்கும். மேடுபள்ளத்தில் பாடி முறுகும்போது இந்த இணைப்புகள்தான் முதலில் விரிசல் விடுகின்றன. வெடித்ததைச் சுரண்டி எடுத்து, துருவை நீக்கி, பிரைமர் அடித்து, வளைந்துகொடுக்கும் பாலியூரிதேன் சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை) போடுங்கள். அப்புறம் நாமே போட்ட ஓட்டைகள்: ரூஃப் கேரியர், விளக்கு, ஆன்டெனா. ஸ்நார்க்கலை, அதாவது இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாயை, தாங்க முன்தூணில் அடித்த ரிவெட்டுகளைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. அங்கே நுழையும் தண்ணீர் தூணுக்குள் இறங்கி டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் வரும்.

மழையில் ஓட்டினால் மட்டும் காலடி நனைகிறதா? தரையில் இருக்கும் வட்ட ரப்பர் மூடிகளை எண்ணிப் பாருங்கள். ஆற்றில் இறங்கிய பிறகு தண்ணீர் வடியக் கழற்றியதைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம்.

எதைப் பூசக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். இறுகும்போது அது அசிட்டிக் அமிலம் விடும், வெறும் இரும்பில் துருவைத் தூண்டும். ஒருமுறை பூசிவிட்டால் அதன் மிச்சத்தின் மேல் பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலண்டும் ஒட்டாது. என் வண்டியின் கண்ணாடி ஓரத்தில் நான் பூசியதைச் சுரண்டி எடுக்க முழுதாக ஒரு நாள் ஆனது.

(காட்சி: வெயிலில் விரித்த கார்பெட். அதன் பஞ்சு திருப்பிக் காட்டப்படுகிறது.)

அடைத்த பிறகு, சீலண்ட் முழுதாக இறுகவிட்டு, அதே வரிசையில் மறுபடி ஹோஸ் பிடியுங்கள். கார்பெட்டையும் பஞ்சையும் வண்டிக்கு வெளியே காயவையுங்கள். பஞ்சு நாறினால் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காத ஃபோம் வாங்குவது நல்லது. தரையில் துருவைத் தேய்த்து எடுத்துப் பெயிண்ட் அடியுங்கள். கார்பெட்டை உடனே போட்டுவிடாதீர்கள். நல்ல மழை இரண்டு வந்து போகட்டும். அதுவரை வெறுந்தகட்டில் செய்தித்தாளோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டு முறையும் கறை இல்லையென்றால் கார்பெட்டைப் போட்டுவிடலாம்.