எந்த 23?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே தாய், ஒரே தகப்பன். மூத்தவனுக்குச் சுருட்டை முடி, இளையவளுக்குக் கோரை முடி. ஒருவருக்கு ரத்தம் ஓ வகை, இன்னொருவருக்கு ஏ வகை. கேட்டால் “எல்லாம் ஜீன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஜீனைக் கொடுத்த இரண்டு பேரும் மாறவில்லையே, பிள்ளைகள் மட்டும் எப்படி மாறினார்கள்? விந்தணுவும் சினைமுட்டையும் உருவாகும்போது நடக்கிற ஒரு செல் பகுப்பில்தான் இதற்கு விடை இருக்கிறது. மியாசிஸ், அதாவது குன்றல் பகுப்பு. லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன் என்று அதன் கட்டங்களைத் தேர்வுக்கு உருப்போட்டவர்கள் பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியலை நான் இன்று தொடப்போவதில்லை. அந்தப் பெயர்களைப் படிக்கிற அவசரத்தில் பலருக்கும் விஷயமே நழுவிப்போகிறது என்பது என் எண்ணம்.

நம் உடல் செல் ஒவ்வொன்றிலும், ஜீன்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 46. 1956 வரை இதை 48 என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜோ ஹின் டிஜோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர் சுவீடனில் எண்ணிப் பார்த்துத் திருத்தினார்கள். இந்த 46 என்பது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. தோல் செல்லோ குடல் செல்லோ பிரியும்போது 46ஐயும் நகலெடுத்து, ஆளுக்கு 46 எடுத்துக்கொள்ளும். இனச்செல்லுக்கு, அதாவது விந்தணுவுக்கும் சினைமுட்டைக்கும், இது சரிப்படாது. 46ம் 46ம் கூடினால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184 என்று ஏறிக்கொண்டே போகும். எங்கோ ஓரிடத்தில் பாதியாகியே தீர வேண்டும். 1883ல் எட்வார்ட் வான் பெனெடன் என்ற பெல்ஜிய விஞ்ஞானி, குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவில் அதைக் கண்டார். கருவுற்ற முட்டையில் நான்கு குரோமோசோம்கள். அவற்றில் இரண்டு முட்டை கொண்டுவந்தவை, இரண்டு விந்தணு கொண்டுவந்தவை.

ஆனால் ஏதோ ஒரு 23 கிடைத்தால் போதாது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் சரியாக ஒன்று வர வேண்டும். அதற்கு முதலில் ஜோடிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்தாக வேண்டும். சாதாரண செல்லில் அம்மா வழி வந்த ஏழாம் குரோமோசோமுக்கும் அப்பா வழி வந்த ஏழாம் குரோமோசோமுக்கும் எந்த உறவும் கிடையாது, தனித்தனியாகக் கிடக்கும். மியாசிஸ் தொடங்கியதும் இரண்டும் தேடிவந்து நீளவாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே நூலின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்து வைத்தமாதிரி: அத்தியாய வரிசை ஒன்றே, அங்கங்கே சில எழுத்துகள் மட்டும் வேறு. இந்த ஜோடி சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோவேறு கழுதையைப் பார்த்தால் போதும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறந்ததற்கு 63. நல்ல திடமான விலங்குதான். ஆனால் அதன் குரோமோசோம்கள் ஒழுங்காக ஜோடி சேர முடியாமல் தடுமாறுவதால், அபூர்வமாகச் சில தவிர, அதற்குக் குட்டி பிறப்பதில்லை.

இனிமேல் நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தீராத இடம். செல் தன்னுடைய டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஸ்போ-11 என்ற புரதம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இரண்டு இழைகளையும் சேர்த்தே துண்டிக்கிறது. மற்ற செல்களில் இப்படி ஒரு வெட்டு விழுந்தால் பெரும்பாலும் அது ஆபத்து. கதிர்வீச்சு செல்லைக் கொல்வதே இந்த வகையில்தான். இங்கே அது வேண்டுமென்றே நடக்கிறது. வெட்டியதைச் சரிசெய்ய முன்மாதிரி வேண்டும் அல்லவா? பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஜோடிக் குரோமோசோமைப் பார்த்துச் சரிசெய்கிறது. பெரும்பாலான வெட்டுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. சில இடங்களில் மட்டும் அம்மா வழித் துண்டு அப்பா வழியோடும், அப்பா வழித் துண்டு அம்மா வழியோடும் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். குறுக்கே கலத்தல் என்பது இதைத்தான். ஒரு விந்தணுவுக்கு வந்துசேரும் குரோமோசோம்களில் இப்படி மாறியவை சராசரியாக 26 இடங்கள், சினைமுட்டையில் 40க்கும் மேல். 1931ல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளச் செடியில், பண்புகள் இடம் மாறும்போது குரோமோசோம் துண்டுகளும் கூடவே இடம் மாறுவதை நுண்ணோக்கியில் காட்டிவிட்டார்கள்.

பிள்ளைகளில் வேறுபாடு வர வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு என்று இதை விளக்குவார்கள். அது பாதிக் கதை. துண்டு மாறிய இடத்தில் இரண்டு குரோமோசோம்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கயாஸ்மா என்று பெயர். கதிர்கோல் இழைகள் இரு பக்கமிருந்து இழுக்கும்போது, அந்தப் பின்னல் தரும் இழுவிசையை வைத்துத்தான் ஜோடி சரியாக நடுவில் நிற்கிறது. பின்னல் இல்லாத ஜோடி திசை தெரியாமல் இரண்டுமே ஒரே பக்கம் போய்விடக்கூடும். ஆகவே கலப்பது வேறு வேலை, பங்கிடுவது வேறு வேலை என்று பிரிக்க முடியாது. ஆணின் எக்ஸும் ஒய்யும் அளவிலும் உருவத்திலும் பொருந்தாதவை. அவைகூட நுனியில் உள்ள ஒரு சிறிய ஒத்த பகுதியில் கலந்த பிறகே பிரிகின்றன. ஆண் பழ ஈ போன்ற சில உயிர்கள் குறுக்கே கலக்காமலே வேறு வழியில் சமாளித்துக்கொள்கின்றன. அது விதிவிலக்கு.

ஜோடிகள் பிரியும்போது எது எந்தப் பக்கம் போகும் என்பதும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி. இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608 விதம். தாய் தந்தை இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 70 லட்சம் கோடி. குறுக்கே கலத்தலை இதில் சேர்க்கவே இல்லை. உடன்பிறந்தவர்கள் ஜீன்களில் சரிபாதி பகிர்கிறார்கள் என்பதும் சராசரிதான். உண்மையில் அளந்து பார்த்தபோது 37 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை வந்தது. ஒத்த இரட்டையர்கள் கதை வேறு. அவர்கள் ஒரே கருமுட்டை பின்னால் இரண்டாகப் பிரிந்ததால் வந்தவர்கள்.

மியாசிஸில் செல் இரண்டு முறை பிரிகிறது; இதுவரை சொன்னது முதல் பகுப்பு. அதற்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் நகலெடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது பகுப்பில் புதிதாக ஒன்றுமில்லை; அந்த நகல்கள் பிரிகின்றன, அவ்வளவே. ஆணுக்கு நான்கு விந்தணுக்கள் கிடைக்கும். பெண்ணுக்கு ஒரே முட்டை. மீதி துருவச் செல்களாக ஒதுங்கி அழிந்துபோகும்.

பெண்ணிடம் இன்னொரு விசேஷம். அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே மியாசிஸ் தொடங்கி, வெட்டி ஒட்டும் வேலையும் முடிந்துவிடுகிறது. பின்னலோடு அப்படியே நின்றுவிடும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் சினைமுட்டைகள் இந்த நிலையில் காத்திருக்கும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400 முதல் 500 வரைதான். 40 வயதில் வெளிவரும் முட்டை நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குரோமோசோம் நகல்களைக் கட்டி வைத்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் அதற்குள் தளர்ந்துவிடுகிறது. 21ஆம் குரோமோசோம் பிரியாமல் இரண்டுமே முட்டைக்குள் வந்தால், பிள்ளைக்கு மூன்றாகிவிடும். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி தாமதமாகும் டவுன் சிண்ட்ரோம் அதுதான் என்று 1959ல் தெரியவந்தது. இருபது வயதுகளில் உள்ள தாய்மாருக்கு ஆயிரத்துக்கும் அதிகமான பிரசவங்களில் ஒன்று என்றால், 40 வயதில் சுமார் நூற்றுக்கு ஒன்று.

இதைச் சொன்னதும் பழி முழுவதும் பெண்ணின் வயது மேல் விழுந்துவிடும். அது நியாயமில்லை. ஆணின் விந்தணுத் தாய்ச்செல்கள் சுமார் 16 நாளுக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு நகலெடுப்பிலும் எழுத்துப்பிழைக்கு வாய்ப்பு உண்டு. அப்பாவின் வயது ஓர் ஆண்டு கூடினால் பிள்ளைக்குப் போகும் புதிய மாற்றங்கள் ஒன்றிரண்டு கூடுகின்றன. கைகால்கள் குட்டையாக அமையும் அகோண்ட்ரோபிளேசியா என்ற நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு பிறப்பவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள். அந்தப் புதிய மாற்றம் ஏறக்குறைய எப்போதும் தந்தையின் விந்தணுவில் வந்தது, தந்தையின் வயதோடு அதற்கான வாய்ப்பும் ஏறுகிறது. குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியிடம் வயதைக் கேட்கிற மருத்துவர், இருவரிடமும்தான் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.