மறுபடியும் மேல ஏறினவங்க

எல்லாருக்கும் வணக்கம். தீயணைப்பு வீரர்களோட தைரியத்த பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, சந்தோஷமா வந்தேன். ஆனா பொதுவா நாலு வார்த்தை புகழ்ந்துட்டு கைதட்டல் வாங்கிட்டு உக்கார எனக்கு மனசு வரல. அதனால ஒரே ஒரு ராத்திரிய மட்டும் எடுத்துக்கறேன். 2017 ஜூன் 14, லண்டன், நார்த் கென்சிங்டன், கிரென்ஃபெல் டவர்.

24 மாடி கட்டிடம், 67 மீட்டர் உயரம், 1970கள்ல கட்டினது. நடுத்தர குடும்பம், கூலி வேலைக்கு போறவங்க, வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறினவங்கன்னு எல்லாரும் இருந்த இடம். நாலாவது மாடியில 16ஆம் நம்பர் ஃப்ளாட்டு கிச்சன்ல ஒரு ஃப்ரிட்ஜ் பத்திக்குது. ராத்திரி 12:54க்கு போன் போகுது, அஞ்சு நிமிஷத்துல பக்கத்து ஸ்டேஷன்ல இருந்து வண்டி வந்து நிக்குது. அந்த டீம் மேல போய் ஃப்ளாட்டுக்குள்ள நுழைஞ்சு கிச்சன்ல இருந்த தீய அணைச்சும் விட்டாங்க. வழக்கமா பாத்தா அத்தோட வேலை முடிஞ்சுது, வீட்டுக்கு போகலாம்.

ஆனா அவங்க உள்ள போறதுக்கு முன்னாடியே தீ ஜன்னல் வழியா வெளிய தாவிடுச்சு. வெளிச்சுவத்துல புதுசா ஒட்டியிருந்த பேனல்ல ஏறிடுச்சு. ரெண்டு பக்கமும் மெல்லிசா அலுமினிய தகடு, நடுவுல பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். 2016ல முடிஞ்ச புதுப்பிக்கிற வேலையில துத்தநாக பேனல் போடறதா இருந்தத மாத்தி, செலவு குறையுதுன்னு இத போட்டாங்க, மிச்சமானது கிட்டத்தட்ட 3 லட்சம் பவுண்டுன்னு தீ விபத்துக்கு அப்புறம் பத்திரிகையில வந்துச்சு. ராத்திரி மணி ஒண்ணரை ஆகறதுக்குள்ள தீ உச்சி மாடிய தொட்டுடுச்சு. கிச்சன் தீய அணைச்சு அரை மணி நேரம் கூட ஆகல, யோசிச்சு பாருங்க.

இப்ப அந்த வீரர்கள் எடத்துல நின்னு பாருங்க. படிக்கட்டு ஒண்ணே ஒண்ணு, அகலம் சுமார் ஒரு மீட்டர். அதுலயே ஜனங்க இறங்கணும், அதுலயே இவங்க ஏறணும், அதுலயே தண்ணி ஹோஸ இழுத்துட்டு போகணும், முழுக்க கரும்புகை, கைய நீட்டினா கை தெரியாது. லிஃப்ட தங்களோட கன்ட்ரோலுக்கு கொண்டு வர முயற்சி பண்ணாங்க, முடியல. அவ்ளோ உயரத்துக்கு எப்பவும் தண்ணி நிரம்பி நிக்கிற பைப் இருக்கணும், அங்க இருந்ததோ கீழ இருந்து பம்ப் பண்ணி ஏத்த வேண்டிய காஞ்ச பைப். ரேடியோ உள்ள சரியா எடுக்கல. ஏணி பத்தி கேக்கவே வேண்டாம், லண்டன் படைகிட்ட அன்னைக்கு இருந்த ஏணி பாதி உயரம் தான் எட்டும்.

முதுகுல காத்து சிலிண்டர். சாதாரண செட்டுல சுமார் அரை மணி நேரம், பெரிய செட்டுல முக்கால் மணி, அதுவும் நிதானமா மூச்சு விட்டா. அவ்ளோ சாமான தூக்கிட்டு 15, 18 மாடி படியேறினா யாரு நிதானமா மூச்சு விடுவாங்க? புகை கீழ வரைக்கும் வந்துட்டதால மேல போட்டிருந்த பேஸ, அதாவது வீரர்கள் சிலிண்டர் மாட்டிட்டு கிளம்பற எடத்த, கடைசியில தரைத்தளத்துக்கே இறக்க வேண்டியதாச்சு. அப்ப ஏறறதுலயே பாதி காத்து தீர்ந்துடும், மேல போய் ஒரு கதவ தட்டறதுக்குள்ள காத்து தீரப்போகுதுன்னு அலாரம் அடிக்கும்.

எனக்கு மனசு நிக்கிற எடம் இது தான். முதல் தடவை மேல போறவனுக்கு அங்க என்ன இருக்குன்னு தெரியாது, பயிற்சி இழுத்துட்டு போயிடும். ஆனா அங்க நிறைய பேரு கீழ இறங்கி வந்து, தலைக்கு மேல எரிஞ்சு விழற பேனல் துண்டுக்கு போலீஸ்காரங்க கலவரத்துக்கு வெச்சிருக்கிற ஷீல்ட பிடிச்சு காப்பாத்த, வெளிய வந்து கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு, வேற சிலிண்டர் மாட்டிட்டு மறுபடியும் உள்ள போனாங்க. என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்தவங்க, தெரிஞ்சே போனாங்க. சிலர் விதிய மீறி தன்னோட மாஸ்க்கையே கழட்டி புகையில சிக்கினவங்களுக்கு குடுத்திருக்காங்க.

இன்னொண்ணும் இருக்கு, இத சொல்லாம விட்டா அவங்கள முழுசா புரிஞ்சுக்க முடியாது. ஒரு டீம இந்த மாடி, இந்த ஃப்ளாட்டு, உள்ள இத்தனை பேருன்னு சொல்லி அனுப்புவாங்க. ரேடியோ வேலை செய்யாததால இந்த தகவலெல்லாம் பேப்பர்லயும் சுவத்துலயும் எழுதி வெச்சிருந்தாங்க. இவங்க ஏறும்போது வழியில படிக்கட்டுல ஒருத்தர் மயங்கி கிடப்பாரு. அவர தாண்டி மேல போகணுமா, அவர தூக்கிட்டு கீழ வரணுமா? தூக்கிட்டு வந்தா மேல காத்திருக்கிற குடும்பத்துக்கு யாரும் போகல. பல டீம் அப்படி தான் வழியில கிடைச்சவங்கள காப்பாத்திட்டு இறங்கினாங்க, அனுப்பின ஃப்ளாட்டுக்கு போய் சேரவே இல்ல. சரியான பதில் இல்லாத கேள்விய புகைக்குள்ள நின்னு சில நொடியில முடிவு பண்ணிட்டு, அப்புறம் வாழ்நாள் முழுக்க சுமக்கறாங்க.

கன்ட்ரோல் ரூம்ல போன எடுத்தவங்களையும் நான் இந்த படையோட தான் சேர்த்து வெக்கறேன். சில அழைப்புகள் ரொம்ப நேரம் ஓடுச்சு, குழந்தைகளோட ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசிட்டே இருந்தாங்க, எதிர்ல சத்தம் நிக்கிற வரைக்கும். கட்டிடம் எப்படி எரியுதுன்னு அவங்க கண்ணால பாக்கல. அதனால "வீட்டுக்குள்ளேயே இருங்க, ஆளு வருவாங்க"ன்னு தான் சொன்னாங்க.

அந்த "வீட்டுக்குள்ளேயே இருங்க"ங்கிற விதி தப்பானது இல்ல. கான்க்ரீட் கட்டிடத்துல ஒவ்வொரு ஃப்ளாட்டும் ஒரு பெட்டி, தீ அந்த பெட்டிக்குள்ளயே கொஞ்ச நேரம் அடங்கி நிக்கும்ங்கிற நம்பிக்கையில வந்தது. வெளிச்சுவரே எரிஞ்சா அந்த கணக்கு போச்சு. ஒண்ணரை மணிக்கும் 1:50க்கும் நடுவுல எல்லாரையும் வெளியேற சொல்லியிருக்கணும், சொன்னது ரெண்டரை மணிக்கு மேல தான், முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் பல உயிர் பிழைச்சிருக்கும்னு 2019ல வந்த விசாரணை அறிக்கை சொல்லுது. அதே அறிக்கை உள்ள போன வீரர்களோட தைரியத்த பாராட்டவும் செய்யுது. எனக்கு ரெண்டும் சரின்னு தான் படுது. தைரியத்த பாராட்டறோம்ங்கிற பேர்ல மேலிடத்தோட தப்ப மூடக்கூடாது, தப்ப சொல்றோம்ங்கிற பேர்ல படியேறினவன குத்தவாளி ஆக்கவும் கூடாது. 2009லயே லண்டன்ல லேக்கனல் ஹவுஸ்ங்கிற அடுக்குமாடி கட்டிடத்துல 6 பேர் தீயில செத்தாங்க, அங்கயும் தீ வெளிச்சுவர் வழியா பரவுச்சு. அதுல பாடம் கத்துக்க எட்டு வருஷம் டைம் இருந்துச்சு.

கிரென்ஃபெல்ல 72 பேர் இறந்தாங்க. தீயணைப்பு படை கைப்பட மீட்டது 65 பேர. அந்த 65ங்கிற எண்ணிக்கைய மேடையில யாரும் சொல்றதில்ல, மீட்ட வீரர்களே சொல்றதில்ல, அவங்க நினைக்கிறது மீதி பேர தான். பல பேருக்கு தூக்கம் போச்சு, சிகிச்சைக்கு போனாங்க, அப்புறம் 2018ல விசாரணையில வந்து உக்காந்து, நீங்க ஏன் அந்த மாடிக்கு போகலன்னு கேட்ட கேள்விக்கு ஒவ்வொண்ணா பதில் சொன்னாங்க.

அதுக்கப்புறம் லண்டன் படை மாட்டிக்கிட்டவங்க தலையில போட்டு கூட்டிட்டு வர புகை முகமூடி வாங்கினாங்க, 64 மீட்டர் ஏணி வாங்கினாங்க. 2024 செப்டம்பர்ல வந்த கடைசி அறிக்கை அரசாங்கம், பேனல் வித்த கம்பெனிகள், புதுப்பிச்சவங்கன்னு எல்லார் பேரையும் எழுதி, அத்தனை சாவும் தவிர்த்திருக்க கூடியதுன்னு சொல்லுச்சு. அன்னைக்கு வரைக்கும் அந்த பேனல ஒட்டினதுக்கோ வித்ததுக்கோ ஒருத்தர் மேல கூட குற்றச்சாட்டு பதிவாகல.