சாவிய வாயால சொல்லுங்க

வணக்கங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், லேமினேஷன் மிஷின். 17 வருஷமா அடுத்தவங்க பேப்பரத்தான் தொட்டுக்கிட்டு இருக்கேன். பத்திரம், பட்டா, ஆதார், மார்க் ஷீட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் என் கை வழியா போயிருக்கு. புதுச்சேரி வானொலியில பேச கூப்பிட்டப்போ, இந்த மாதிரி பேப்பர போன்ல, மெயில்ல அனுப்புறப்போ எப்படி பூட்டி அனுப்பணும்ங்கிறத பத்தி மட்டும்தான் பேசுவேன்னு சொல்லிட்டேன்.

நம்ம பக்கம் பேப்பருக்கு பெரிய எதிரி தண்ணிதான். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஓடு பறந்து பீரோவெல்லாம் நனஞ்சது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் 2024ல ஃபெஞ்சல், சாத்தனூர் அணைய திறந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்துச்சே, அந்த டிசம்பர்ல ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. ஆத்தங்கரையோர வீடு. வயர்கூடையில வேட்டித்துணி சுத்தி ஒரு கிரயப் பத்திரம். துணிய பிரிச்சா முத்திரைத்தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, சேறு வாசனை, ஓரத்துல மை கரைஞ்சு ஊதாவா ஓடியிருக்கு. டேபிள் ஃபேன மெதுவா சுத்தவிட்டு, ஸ்கேல் முனைய உள்ளவிட்டு ஒவ்வொரு பக்கமா பிரிச்சேன், அந்த அம்மா பக்கத்துலயே நின்னு மூச்சுகூட விடாம பாத்துக்கிட்டு இருந்தாங்க. பதினாலு பக்கம். போட்டோ, கைரேகை, ஆதார் நம்பர், நாலு பக்க எல்லை எல்லாம் அதுல இருக்கு. சிங்கப்பூர்ல இருக்குற பையனுக்கு அனுப்பணும், "அப்படியே அனுப்பிடு தம்பி"ன்னாங்க. அவங்க வாட்ஸப்ப கம்ப்யூட்டர்ல தொறந்து நானும் அப்படியே அனுப்பிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ஒரு காலேஜ் பையன் ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க வந்தான். அதே கம்ப்யூட்டர். அவன் ஃபைலுக்கும் ஸ்கேன்னுதான் பேரு, நம்பர்தான் வேற. தப்பா வேற ஒண்ண தொறந்துட்டான். ஸ்கிரீன் பூரா அந்த அம்மா பத்திரம், அவங்க போட்டோ, பெருவிரல் ரேகை! அவன் நல்ல பையன், உடனே மூடிட்டான். எனக்கு கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. அன்னைக்கு ராத்திரி கடைய சாத்தாம டவுன்லோட்ஸ் ஃபோல்டர் பூரா பாத்தேன். யார் யாரோ நம்பி குடுத்ததெல்லாம் அப்படியே கெடக்கு. மறுநாள் காலையில மொத வேலையா அந்த அம்மா வீட்டுக்குப் போயி சொன்னேன், அவங்க சொன்னாங்க, "நான் போன்லேர்ந்து அழிச்சிட்டேனே தம்பி."

இங்கதாங்க நம்ம எல்லாரும் ஏமாறுறோம். உங்க போன்ல அழிச்சா உங்க காப்பி மட்டும்தான் போகுது. கடை கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பையன் போன்ல ஒண்ணு, அவன் வக்கீலுக்கு அனுப்புனா அங்க ஒண்ணு. வாட்ஸப்ல எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, 2016லேர்ந்து இருக்கு, வழியில யாரும் பிரிச்சுப் படிக்க முடியாது. ஆனா போய்ச் சேந்த எடத்துல அது சாதா ஃபைல்தான், அந்த போன் யார் கைக்குப் போனாலும் தொறக்கும். அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே ஃபைலுக்கே பூட்டு போடணும். அப்போ அது எங்க போய் கெடந்தாலும் பூட்டோடவே கெடக்கும்.

எப்படின்னு சுருக்கமா சொல்றேன். வேர்டுல ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டாக்குமென்ட், அதுல என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட். காசு இல்லாம வேணும்னா லிப்ரே ஆஃபீஸ், அதுல பிடிஎஃப்பா எக்ஸ்போர்ட் பண்ணும்போது செக்யூரிட்டின்னு ஒரு பக்கம் வரும். அங்க ரெண்டு பாஸ்வேர்டு கேக்கும், தொறக்க ஒண்ணு, பிரிண்ட் எடுக்க, திருத்த விடாம தடுக்க ஒண்ணு. ரெண்டாவது மட்டும் போட்டு அனுப்புனா ஃபைல் யார் கையிலயும் தொறந்துக்கும், தொறக்குற பாஸ்வேர்டுதான் முக்கியம். எக்செல்ல சீட்டுக் கணக்கு வச்சிருக்கிறவங்களும் கவனிங்க, புரொடெக்ட் ஷீட்ங்கிறது திருத்தாம இருக்கத்தான், மறைக்க இல்ல. போன்ல எடுத்த போட்டோவ நேரா பூட்ட முடியாது, பிடிஎஃப்பா மாத்திக்கணும், இல்லன்னா செவன் ஜிப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல போட்டு ஏஇஎஸ் 256ன்னு இருக்குறத தேர்ந்தெடுத்துப் பூட்டணும். கூகுள்ல தேடுனா வர்ற ஏதோ ஒரு சைட்ல பத்திரத்த ஏத்தி பூட்டிக்காதீங்க, பூட்டுறதுக்கு முன்னாடியே ஊர் பேர் தெரியாதவன் கையில குடுத்த மாதிரி ஆயிடும்.

இப்போ சாவி, அதாவது பாஸ்வேர்டு. ஈ-ஆதார் டவுன்லோட் பண்ணா பாஸ்வேர்டு கேக்குதுல்ல, அது என்ன? பேர்ல மொத நாலு எழுத்து, இங்கிலீஷ்ல பெரிய எழுத்தா, அப்புறம் பொறந்த வருஷம். ரமேஷ், 1964ல பொறந்தவர்னா ஆர், ஏ, எம், ஈ, 1964. அவ்ளோதான். ரமேஷுக்கு அறுபதாம் கல்யாணம் நடக்குது, பத்திரிகை அடிக்கிறோம், தெருமுனையில பேனர் கட்டுறோம். பேரும் இருக்கு, வயசும் இருக்கு. சாவிய பேனர்லயே கட்டித் தொங்கவிட்டாச்சு! பேர் தெரிஞ்சா போதும், வருஷத்த ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்தாக்கூட நூறு தடவைக்குள்ள தொறந்துடும். ஈ-பான் பிடிஎஃப்க்கு பொறந்த தேதிதான் பாஸ்வேர்டு. அதனால "அதுல ஏற்கனவே பாஸ்வேர்டு இருக்குண்ணே"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதில்ல. உங்களத் தெரிஞ்சவன் யாரா இருந்தாலும் அத தொறப்பான்.

சொந்தமா வைங்க, நீளமா வைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தை, அம்மிக்கல்லு, மாங்கா, டிக்கெட்டு, கொடுவா, இந்த மாதிரி, தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்குங்க. நான் இப்ப சொன்னத வைக்காதீங்க, ரேடியோவுல சொல்லியாச்சு.

இதவிட முக்கியம், திரும்பத் திரும்ப சொல்வேன், கடையில தினமும் சொல்றேன்: ஃபைல அனுப்புன அதே வாட்ஸப்ல, அதே மெயில்ல பாஸ்வேர்ட அனுப்பாதீங்க. கீழயே "பாஸ்வேர்டு இது"ன்னு போட்டு அனுப்புறாங்க, நானே எத்தனையோ பாத்திருக்கேன். பூட்டையும் சாவியையும் ஒரே மஞ்சப்பையில போட்டு அனுப்புறதுக்கு பூட்டாமலே அனுப்பலாம். போன் பண்ணுங்க. வாயால சொல்லுங்க. அந்தப் பக்கம் இருக்கிறவர் எழுதிக்கட்டும், தொறந்து பாத்துட்டு "தொறந்துடுச்சு"ன்னு சொல்லட்டும். இங்க பாண்டியில பிரான்ஸ் பென்ஷன் பேப்பர் அனுப்புற வீடுங்க நிறைய இருக்கு, பேரன் பேத்தி அங்கதான் இருப்பாங்க, எப்படியும் பேசத்தான் போறீங்க, பேசும்போது அந்த நாலு வார்த்தையையும் சொல்லிடுங்க. சிங்கப்பூர் பையனுக்கு அந்தப் பத்திரத்த மறுபடி பூட்டி அனுப்பினோம், பழச அழிக்கச் சொன்னோம், அந்த அம்மாவே போன்ல வார்த்தைய சொன்னாங்க, ரெண்டு தரம் சொல்லி, அவன் திருப்பிச் சொல்ல வச்சு.

நேரம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, இன்னும் நெறைய இருக்கு. வேகமா சொல்றேன். ஆதார்ல மாஸ்க்டு ஆதார்னு ஒண்ணு, ஈ-ஆதார் டவுன்லோட் பண்ற அதே சைட்லயே எடுக்கலாம், 12 நம்பர்ல கடைசி 4 மட்டும்தான் தெரியும், கேட்டவங்க ஏத்துக்கிட்டா அதையே குடுங்க. பூட்டுன காப்பியோட பாஸ்வேர்டு மறந்துட்டா மைக்ரோசாஃப்டே எடுத்துத் தர முடியாது, அதனால பூட்டாத ஒரிஜினல் ஃபைல் வீட்டுல பத்திரமா இருக்கணும். ஆன்லைன் மோசடியில பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன். கடையில ஸ்கேன் எடுத்தா முடிஞ்சதும் வாட்ஸப்ப லாக் அவுட் பண்ணச் சொல்லி, ஃபைல அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. என் கடையிலயும் நில்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். வணக்கம்.