பிள்ளை பிறந்த அடுத்த இரண்டு மணி நேரம்

(நர்சிங் மாணவிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடியிருந்த அரங்கில், ஓய்வுபெற்ற மகப்பேறு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் மாணவிகளுக்கும், அவர்களைப் படிக்க வைக்கப் பாடுபடுகிற பெற்றோருக்கும் தனி வணக்கம்.

தாய் சேய் நலம் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பம் தரித்த நாள் தொடங்கி, பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிற வரைக்கும் பேச வேண்டிய தலைப்பு அது. அதில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, பிள்ளை பிறந்த அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். என் வேலைக்காலம் பிரசவ அறையில்தான் கழிந்தது. அங்கே நர்ஸ் என்று ஒருத்தி எதற்கு என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் காட்டுவேன்.

பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை அழுதுவிட்டது. வெளியே சேதி போகிறது. என்ன குழந்தை, எத்தனை கிலோ, நேரம் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேள்விகள் வருகின்றன. பாட்டி சாமியைக் கும்பிடுகிறார். தகப்பன் மிட்டாய் வாங்க ஓடுகிறார். எல்லார் கண்ணும் பிள்ளை மேல்தான். பெற்றவள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக் கிடக்கிறாள். 'பாவம், கொஞ்சம் தூங்கட்டும்' என்று எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். பேறுகாலச் சாவுகளுக்கு முக்கியக் காரணமான ரத்தப்போக்கு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நச்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பையின் தசை இறுகி அந்தக் குழாய்களை நெரித்தால்தான் ரத்தம் கட்டுப்படும். தசை தளர்ந்துவிட்டால், திடமான ஒரு பெண்ணைக்கூட ஓரிரு மணி நேரத்தில் பறிகொடுக்க நேரிடும். அதனால்தான் பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லை என்று பார்த்துவிட்டு, தொடையில், கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் மருந்தை 10 யூனிட் ஊசியாகப் போடுகிறோம். மாணவிகளே, அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. 'அவசரத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்' என்று ஜன்னலோர டிரேயில் எடுத்து வைத்தால், வெயில் காலத்தில் அதன் வீரியம் குறைந்துபோகும். ஃப்ரிட்ஜின் டிகிரியைக் குறித்து வைக்கும் நோட்டு வெறும் எழுத்து வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தொப்புளை ஒட்டி, கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கூடவே நாடி, பி.பி., ரத்தம் உறிஞ்ச வைத்திருக்கும் பேட் மூன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, நர்ஸ் சும்மா கட்டில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம், நச்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண், "தாகமா இருக்கு சிஸ்டர்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டாள், உடனே இன்னொன்று. பி.பி. 110/70, குறையே சொல்ல முடியாது. பேடிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் 88 இருந்த நாடி 104 ஆகி, 118-க்கு வந்திருந்தது. வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி, வலது பக்கம் ஒதுங்கி, கொழகொழவென்று இருக்கிறது. கீழே மூத்திரப்பை நிரம்பி அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. வலியில் சிறுநீர் வருவதே அவளுக்குத் தெரியவில்லை. டியூப் போட்டதும் ஒரு கிண்ணம் நிரம்பியது. கர்ப்பப்பையை நன்றாகத் தேய்த்துவிட்டதும் உள்ளே தேங்கியிருந்த ரத்தக் கட்டிகள் மொத்தமாக வெளியே வந்தன. டாக்டரைக் கூப்பிட்டோம், ட்ரிப் ஏற்றினோம், மருந்து கொடுத்தோம். விடியும்போது உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கும். உடம்பு நன்றாக இருக்கும் இளம்பெண்களுக்குப் பி.பி. கடைசியில்தான் இறங்கும், நாடிதான் முதலில் ஏறும். தாகம், கொட்டாவி, 'ஒரு மாதிரியா இருக்கு' என்ற சொல் எல்லாமே சேதிதான். பெண்கள் சொல்வதைக் கேட்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெளியே வருகிற ரத்தத்தைக்கூடக் கண்ணால் பார்த்துச் சொன்னால் குறைத்துத்தான் சொல்வோம். எத்தனை அனுபவம் இருந்தாலும் அப்படித்தான். அதற்காக வந்ததுதான் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் பை. இடுப்புக்குக் கீழே விரித்தால் ரத்தம் அதில் சேரும், எத்தனை மில்லி என்று படித்துவிடலாம். கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வுகளில் இது முன்பே பயன்பட்டது. 2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. இந்தப் பையால் அளந்து, அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, அதை இறுக்கும் மருந்து, ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காயம் இருக்கிறதா என்று சோதிப்பது ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், மரணம் எல்லாம் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. இதில் புது மருந்து ஒன்றுகூட இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சரி, பிள்ளைக்கு வருவோம். பிறந்ததும் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட்டு, தாயின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, மேலே காய்ந்த துணி போர்த்தி, தலைக்குத் தொப்பி போட வேண்டும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால், பிள்ளைக்குச் சேர வேண்டிய ரத்தம் சேரும், பின்னாளில் ரத்தசோகை குறையும். பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மூச்சு விடக் கொஞ்சம் உதவி தேவைப்படும். துடைப்பதும் முதுகைத் தேய்ப்பதுமே பல பிள்ளைகளுக்குப் போதும். போதாதென்றால் முதல் நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கும் பையும் மாஸ்க்கும் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது அந்தப் பையை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் குளிப்பாட்டவே வேண்டாம். 24 மணி நேரம் போகட்டும். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக இருந்து பாதம் ஜில்லென்று இருந்தால் பிள்ளைக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். உடனே தாயின் மார்போடு சேருங்கள்.

பாட்டிமார்களிடம் ஒரு வார்த்தை. சேனை வைக்கும் வழக்கத்தைப் பற்றித்தான். குணமும் ராசியும் உள்ள ஒரு பெரியவர் கையால் முதலில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைத்தால், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசையில் செய்கிறீர்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பச்சைப் பிள்ளையின் நரம்பைச் செயலிழக்க வைக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். சர்க்கரைத் தண்ணீரில் வயிறு நிறைந்தால் பிள்ளை சப்பாது. சப்பாவிட்டால் பால் ஊறுவது தள்ளிப்போகும். இன்னொன்று, பிள்ளை மார்பைச் சப்பும்போது தாயின் உடம்பிலேயே ஆக்சிடோசின் சுரந்து கர்ப்பப்பை இறுகும். தாய்க்கும் அதுதான் காவல். அந்தப் பெரியவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும். வாய்க்குள் முதலில் போவது சீம்பாலாக இருக்கட்டும். அப்புறம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவது, ஊதித் தொக்கம் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனதால் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன்.

நம் தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் நர்ஸ் இருக்கிறார் என்ற நம்பிக்கையும், வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் மேல் உள்ள நம்பிக்கையும் இதற்குப் பெரிய காரணம். 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு நாட்டில் 97 தாய்மார் இறந்தபோது, இங்கே அது 54 ஆக இருந்தது. முதலில் சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன் என்றும் இருக்கிறது. சிசேரியன் ஆனால் முதல் மணி நேரத்தில் பால் கொடுக்க முடியாது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். முடியும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தால் தாய் விழித்துத்தான் இருப்பாள். பிள்ளையைப் பக்கவாட்டில் மார்போடு பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டும், அவ்வளவுதான்.

குறைமாதப் பிள்ளை விஷயமும் இதையே சொல்கிறது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே, எக்டர் மார்ட்டினஸ் என்ற இரண்டு டாக்டர்கள் பிள்ளையைத் தாயின் மார்பில் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை அப்படித்தான் பிறந்தது. பல ஆண்டுகள், பிள்ளை தேறிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2021-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்தது, வேறொன்றைக் காட்டியது. 1.8 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே தொடங்கினால், முதல் மாதச் சாவு கால்வாசி குறைகிறது. இதற்காகப் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டார்கள். தாயைப் பார்க்கிற நர்சும் பிள்ளையைப் பார்க்கிற நர்சும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். நம் ஊரில் இன்னும் பல இடங்களில் தாய் ஒரு மாடியில், பிள்ளை இன்னொரு மாடியில். தையல் வலியோடு படியேறி, நாள் முழுக்க வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பச்சை உடம்புக்காரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. சளி, காய்ச்சலோடு வந்தால் சட்டையைத் தூக்கிவிட்டு, அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவை எட்டினாலே நிமோனியாவை நினைக்க வேண்டும். அம்மாக்களும் வீட்டில் எண்ணலாம்.

கடைசியாக, இங்கே இருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு கோரிக்கை. ராத்திரி ஒரே நர்ஸ் இருக்கும் இடத்தில், ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனதும் இன்னொரு பெண் வலியோடு வந்தால், நான் சொன்ன இரண்டு மணி நேரம் காற்றில் போய்விடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்க அந்த நர்சுக்கு மூன்றாவது கை கிடையாது. தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்கில் நிற்கும் இளம் செவிலியர்களை நிரந்தரமாக்காமல், காலி இடங்களை நிரப்பாமல் இருப்பதன் விலையைக் கட்டிலில் கிடப்பவள் கொடுக்கிறாள். அடுத்த கிராம சபைக் கூட்டம் வரும்போது, சாலை, குடிநீர் பற்றிக் கேட்கும் அதே குரலில், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் எத்தனை நர்ஸ், ரத்தம் அளக்கும் பை இருக்கிறதா, ஆக்சிடோசின் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கு மின்வெட்டு நேரத்தில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தீர்மானமாக எழுதி, தீர்மானப் புத்தகத்தில் பதிய வையுங்கள். வணக்கம்.