செங்கல்லைப் பூசி மறைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சொந்த நிலத்தில் வீடு கட்டப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "செங்கல்லைப் பூசாமல் விட்டால் கோலாலம்பூர் மழைக்குத் தாங்குமா?" நன்றாக வெந்த கல்லாக இருந்தால் தாராளமாகத் தாங்கும். மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே, 1897இல் கட்டிமுடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் பாருங்கள், சிவப்புச் செங்கல் வெளியே தெரியத்தான் நிற்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த இந்த ஊரைக் கல்லால் எழுப்பியபோது சூளைகள் இருந்த இடம் நம் பிரிக்பீல்ட்ஸ்.

ஆனால் அழகுக்காக மட்டும் தனி வடிவக் கல் செய்யச் சொல்லாதீர்கள். விலை கூடும், பயன் இருக்காது. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை மேற்குச் சுவரில் போடுங்கள். மாலை வெயில் தாழ்ந்து வந்து நேராக அடிப்பது அங்கேதான். சாதாரண ஓட்டைச் சுவர் கட்டினால் காற்றோடு வெயிலும் உள்ளே வந்துவிடும். கல்லைச் சாய்வாகத் திருப்பி அடுக்கினால் நேர் வெயில் அதன் பக்கத்தில் பட்டு நிற்கும், காற்று இடுக்கு வழியே வரும். அதற்கென்றே ஒரு முனை சரிந்த கல்லைச் சூளையில் செய்து வாங்கலாம். அப்படிக் கட்டிய சுவருக்குப் பின்னால் ஒரு நடை விட்டு அறைகளை வைத்தால், சாயங்காலம் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். இந்தச் சுவர் தனியாக நிற்காது. கான்கிரீட் தூணோடு கம்பியால் கட்டச் சொல்லி வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு இடம் ஜன்னலின் அடி. அங்கே வெளிப்பக்கம் சரிந்து, கீழே நீர் சொட்டக் கோடு வெட்டிய கல் வேண்டும். தட்டையாக நீட்டிய கல்லில் தண்ணீர் தேங்கும், சீக்கிரமே பச்சைப் பாசி பிடிக்கும்.

சூளைக்காரரிடம் பேசும்போது அச்சின் அளவைச் சொல்லாமல், வெந்த பிறகு வேண்டிய அளவைச் சொல்லுங்கள். களிமண் காய்ந்து வேகும்போது சுருங்கிவிடும், அச்சு அதற்கேற்பப் பெரிதாக இருக்க வேண்டும். வழக்கமான கல் 215 மில்லிமீட்டர் நீளம், கலவை இடுக்கு 10. அப்படியானால் சுவரும் கதவும் 225இன் மடங்கில் இருக்கட்டும். கட்டடக் கலைஞர் இதை முதல் கோடு போடும்போதே நினைக்க வேண்டும். இல்லையென்றால் கொத்தனார் ஒவ்வொரு வரியிலும் கல்லை வெட்டிக்கொண்டிருப்பார், வெட்டின முகம் வெளியே தெரியும்.

கல் வந்து இறங்கியதும் நாலைந்து அடுக்குகளிலிருந்து கலந்து எடுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒரே அடுக்கிலிருந்து எடுத்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாதீர்கள், காய்ந்த தூரிகையால் தேய்த்தால் போதும். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

அப்புறம், வேலை தொடங்குமுன் குத்தகையாளரிடம் ஒரு மீட்டர் அகலத்துக்கு மாதிரிச் சுவர் கேளுங்கள். இடுக்கின் நிறம், ஆழம் எல்லாவற்றையும் அதில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.