"எனக்கு அரசியல்லாம் தெரியாதுங்க": சாதாரண மக்கள்கிட்ட கருத்து கேட்பது எப்படி?

[திரை: கூட்டத்துல ஒருத்தர் நீட்டின மைக்கைக் கையால மறுத்துட்டு நகர்ந்து போறார்]

பொதுப் பிரச்சினை எதைப் பத்தியாவது சாதாரண ஜனங்ககிட்ட கருத்து கேட்டுப் பாருங்க. "எனக்கு அரசியல்லாம் தெரியாதுங்க, வேற யாரையாவது கேளுங்க." பல பேர்கிட்டேர்ந்து முதல்ல வர்ற பதில் இதுதான்.

அதே ஆள்கிட்ட கொஞ்சம் பொறுத்து வேற மாதிரி கேளுங்க. வீட்டுல பெரியவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரியில எவ்வளவு நேரம் காத்திருக்கீங்க? திடீர்னு வாடகையை ஏத்தினா யார்கிட்ட போய்ச் சொல்வீங்க? பசங்க படிச்சு முடிச்சதும் வேலை கிடைச்சுதா? இப்போ பேச்சு தடையில்லாம வரும். எந்த ஜன்னல்ல எவ்வளவு நேரம் நின்னோம், எந்த விதி யாருக்குச் சாதகமா இருக்கு, எதை மாத்தினா எல்லாருக்கும் நல்லதுன்னு வரிசையா சொல்வாங்க. மருத்துவமும் வாடகையும் வேலையும் அரசியல் இல்லன்னா, வேற எதுதான் அரசியல்?

"மக்களுக்கு அக்கறையே இல்ல"ன்னு சலிச்சுக்கிறவங்களை நான் நிறைய பார்க்கிறேன். அந்தச் சலிப்பை என்னால ஏத்துக்க முடியல. ஜனங்க பேசாததுக்குப் பெரும்பாலான காரணம் கூப்பிடுறவங்க கூப்பிடுற விதத்துலதான் இருக்கு. அதைத்தான் இந்த வீடியோவுல பார்க்கப்போறோம்.

[திரை: "எல்லாரும் வாங்க" என்ற அறிவிப்புப் பலகை]

யார் வர்றாங்கங்கறதுலேர்ந்து தொடங்குவோம். "பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம், அனைவரும் வருக"ன்னு அறிவிச்சா கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா வேலை நாள்ல, சாயங்கால நேரத்துல, மூணு மணி நேரம் உட்கார யாரால முடியும்? அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்தைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல, புது வீடு கட்ட அனுமதி தர்றதைப் பத்தி நடந்த கூட்டங்களோட குறிப்புகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தாங்க. எழுந்து பேசினவங்கள்ல வயசானவங்களும், ஆண்களும், சொந்த வீடு உள்ளவங்களும் ஊர்ல அவங்களுக்கு இருக்கிற விகிதத்தைவிட அதிகமா இருந்தாங்க. பேசினவங்கள்ல பெரும்பான்மை புது வீடுகளுக்கு எதிர்ப்பு. அந்த வீடுகள் வந்தா யார் குடியேறுவாங்களோ, அவங்க குரல் அங்க இல்லவே இல்ல.

சரி, கூட்டத்தை இன்னும் பெருசாக்கினா தீருமா? அதுக்குப் பதில் 1936லேயே கிடைச்சிடுச்சு. அந்த வருஷம் அமெரிக்க அதிபர் தேர்தல்ல யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சுக்க லிட்டரரி டைஜஸ்ட்ங்கற பத்திரிகை கிட்டத்தட்ட 1 கோடி பேருக்குக் கேள்வி அட்டை அனுப்பிச்சு. 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன், அப்போ அதிபரா இருந்த ரூஸ்வெல்ட்டைச் சுலபமா ஜெயிப்பார்னு பத்திரிகை எழுதிச்சு. தேர்தல் முடிவு என்ன தெரியுமா? மொத்தம் இருந்த 48 மாநிலத்துல 46ஐ ரூஸ்வெல்ட் எடுத்துட்டார். பத்திரிகை முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலேர்ந்தும், கார் பதிவுப் பட்டியல்லேர்ந்தும். பொருளாதார மந்தநிலை நேரத்துல போனும் காரும் யார் வீட்டுல இருந்திருக்கும்? அதோட, அட்டை கிடைச்சவங்கள்லயும் வேலை மெனக்கெட்டு நிரப்பி அனுப்பினவங்க ஒரு பக்கம் சாய்ஞ்சவங்களா இருந்தாங்கன்னு பின்னால வந்த ஆய்வுகள் சொல்லுது. அதே தேர்தலைக் கருத்துக்கணிப்பு நடத்துற ஜார்ஜ் காலப் அதைவிட மிகச் சின்ன கூட்டத்தைக் கேட்டுச் சரியாச் சொன்னார்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. அது உண்மைதான், ஆனா பானையைக் கிளறிவிட்டு எடுக்கணும். மேலாக்க இருக்கிறதையே ஆயிரம் தடவை எடுத்துப் பார்த்தாலும் அடியில வெந்துதான்னு தெரியாது.

[திரை: துளைகள் வரிசையா இருக்கிற கல் பலகை]

கிளறுறதுக்குப் பழைய வழி ஒண்ணு இருக்கு: குலுக்கல். திரையில நீங்க பார்க்கிற இந்தக் கல் பழங்கால ஏதென்ஸ்ல குலுக்கலுக்குப் பயன்பட்டது. அங்க 500 பேர் கொண்ட அவைக்கு ஆள் எடுத்ததே குலுக்கல்லதான். பெண்களையும் அடிமைகளையும் வெளியூர்க்காரங்களையும் அவங்க சேர்க்கல, அது பெரிய அநியாயம். ஆனா அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு. பொதுச் சபையில "யாருக்குப் பேச விருப்பம்?"னு அறிவிப்பாளர் சத்தமா கேட்பார், எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். அப்படியும் கூட்டம் சேரல. கிமு 400ஐ ஒட்டின வருஷங்கள்ல சபைக்கு வர்றவங்களுக்குப் படி கொடுக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல ஒரு ஓபல் (அந்தக் காலத்துச் சின்ன வெள்ளிக்காசு), போகப்போக மூணு. அன்னாடங்காய்ச்சிக்கு ஒருநாள் கூலி போனா வீட்டுல அடுப்பெரியாதுன்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கு. இன்னிக்கும் கருத்துக்கேட்பு நடத்துற பல பேர் போக்குவரத்துச் செலவு, குழந்தையைப் பார்த்துக்க ஆள், இழந்த கூலி இதையெல்லாம் கணக்குலயே எடுக்கறதில்ல. வர முடியாதவரை "அக்கறை இல்லாதவர்"னு எழுதி வெச்சுடறாங்க.

இந்தக் குலுக்கலை நம்ம காலத்துல நல்லா செஞ்சு காட்டினது அயர்லாந்து. கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புத் தடையைப் பத்திப் பேச அங்க அரசியல்வாதிகளே தயங்கினாங்க. 2016ல 99 சாதாரண குடிமக்களைக் குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்தாங்க. வயசு, ஆண் பெண், ஊர், வாழ்க்கைநிலை எல்லாம் நாட்டோட கலவையை ஒத்திருக்கணும்னு பார்த்தாங்க. தலைமைக்கு ஒரு நீதிபதி. அஞ்சு வார இறுதிகள் உட்கார்ந்து மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், ரெண்டு பக்க அமைப்புகள், அந்த நிலைமையை நேர்ல அனுபவிச்ச பெண்கள், எல்லாரையும் கேட்டாங்க. வட்ட மேஜையில பேசினாங்க. கடைசியில பெரும்பான்மையா மாற்றம் வேணும்னு பரிந்துரைச்சாங்க. 2018 மே மாசம் நடந்த பொதுவாக்கெடுப்புல 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களிச்சாங்க. நீங்க அந்த முடிவை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். நான் கவனிக்கச் சொல்றது வேற: ஒரு நாடே பேசப் பயந்த விஷயத்தை, முன்ன பின்ன அறிமுகமில்லாத 99 பேர் அடிதடியில்லாம பேசி முடிச்சாங்க.

[திரை: ரெண்டு கேள்வித்தாள் பக்கத்துல பக்கத்துல]

அடுத்தது கேள்வி. 1941ல அமெரிக்காவுல ஒரு சோதனை செஞ்சாங்க. ஜனநாயகத்துக்கு எதிரா பொதுக்கூட்டத்துல பேசறதை "அனுமதிக்கலாமா?"ன்னு ஒரு கூட்டத்துக்கிட்ட கேட்டாங்க. அதையே "தடை செய்யணுமா?"ன்னு இன்னொரு கூட்டத்துக்கிட்ட கேட்டாங்க. விஷயம் ஒண்ணுதானே? ஆனா "அனுமதிக்கக் கூடாது"ன்னு சொன்னவங்க எண்ணிக்கை, "தடை செய்யணும்"னு சொன்னவங்களைவிட ரொம்ப அதிகம். தடைங்கற கடுமையான சொல்லுக்கு ஆதரவா கை தூக்க ஜனங்க யோசிக்கிறாங்க. ஒரு சொல்லை மாத்தினா மக்கள் கருத்தே மாறினமாதிரி தெரியுதுன்னா, கேள்வி எழுதுறவர் எவ்வளவு பொறுப்போட எழுதணும்!

என்னைக் கேட்டா, முதல் கேள்வி எப்பவும் அனுபவத்தைப் பத்தி இருக்கணும். "புதிய வாடகைச் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா?"ன்னு எடுத்ததும் கேட்டா, எதிர்ல இருக்கிறவருக்கு அது பரீட்சை மாதிரி ஆயிடும். "கடைசியா வீடு மாறினப்போ என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டா, அந்த விஷயத்துல அவரைவிடப் பெரிய நிபுணர் அந்த இடத்துல யாரும் இல்ல. அங்கேர்ந்து சட்டத்துக்கு வாங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு ரெண்டு நிமிஷத்துல, சாய்வில்லாம, புரியற பாஷையில சொல்லுங்க. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், ரெண்டையும் சொல்லுங்க. அப்புறம் அவர் கருத்தைக் கேளுங்க.

தகவல் கிடைச்சா மக்கள் மனசு மாறுமா? மாறும். 1990களோட பிற்பகுதியில டெக்சஸ் மாநிலத்துல எட்டு மின் நிறுவனங்கள் குலுக்கல்ல எடுத்த வாடிக்கையாளர்களை ஒண்ணா உட்கார வெச்சு, எரிசக்தியைப் பத்தி எல்லாப் பக்க விவரமும் கொடுத்துப் பேச விட்டாங்க. புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்காக மாசாமாசம் கொஞ்சம் கூடக் கட்டத் தயார்னு சொன்னவங்க முதல்ல சராசரியா 52 சதவீதம். பேசி முடிச்சப்போ 84. அதுக்கப்புறம் காற்றாலை மின்சாரத்துல அந்த மாநிலம் நாட்டுலயே முதலிடத்துக்கு வந்துச்சு. அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

[திரை: ஒரு மேஜையைச் சுத்தி எட்டு பேர், ஒருத்தர் மட்டும் பேசிட்டிருக்கார்]

இனி பேசுற இடம். ஆள் சரியா வந்துட்டாங்க, கேள்வியும் சரி. அப்பவும் கெட்டுப்போகக்கூடிய இடம் இது. 1951ல சாலமன் ஆஷ்ங்கற உளவியலாளர் ஒரு சோதனை செஞ்சார். மூணு கோட்டுல எது தனியா காட்டின ஒரு கோட்டுக்குச் சமம்னு சொல்லணும், குழந்தைகூடச் சொல்லிடும். ஆனா கூட இருந்தவங்க எல்லாரும் வேணும்னே தப்பாச் சொல்ல, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பதில்கள் அவங்களோட சேர்ந்து தப்பாப் போச்சு. கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியான பதிலைச் சொன்னதும், அப்படிக் கூட்டத்தோட ஒத்துப்போறது பெரிய அளவுல குறைஞ்சது. கோட்டு விஷயத்துலயே இப்படின்னா, சூடான அரசியல் விஷயத்துல?

அதனால, யாரும் வாய் திறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அவங்கவங்க கருத்தைத் தாள்ல எழுதட்டும். எழுதத் தெரியாதவங்களுக்கு ஒருத்தர் தனியா கேட்டு எழுதட்டும். அப்புறம் பேச்சு. முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேஜையில இருந்தா தொழிலாளி சொல்றது அவர் கருத்தா, அவர் பயமா? பிரிச்சு உட்கார வைங்க. பேர் வெளிய வந்தா வேலையோ நிம்மதியோ போகும்னு ஒருத்தர் நினைச்சா, பேரையே வாங்காதீங்க. அவரை வற்புறுத்தறது அழைப்பே இல்ல. மௌனமா இருக்கறதும் அவரோட உரிமை.

[திரை: பரிந்துரைகள் அடுக்கின மேஜை]

கடைசியா, கேட்டதை என்ன செஞ்சீங்க? ஐஸ்லாந்துல 2008 வங்கி நெருக்கடிக்கு அப்புறம், 2010ல குலுக்கல்ல எடுத்த சுமார் 950 பேர் கூடி நாட்டோட அரசியலமைப்பு எப்படி இருக்கணும்னு பேசினாங்க. 25 பேர் கொண்ட குழு வரைவு எழுதி, அதை எழுத எழுதவே மக்கள் பார்வைக்கு வெச்சுது. 2012 வாக்கெடுப்புல மூணுல ரெண்டு பங்கு பேர் அந்த வரைவு அடிப்படையா இருக்கட்டும்னு சொன்னாங்க. நாடாளுமன்றம் அதை நிறைவேத்தவே இல்ல. பிரான்ஸ்ல 2019, 2020ல 150 பேர் பருவநிலை பத்தி மாசக்கணக்குல உட்கார்ந்து 149 பரிந்துரை கொடுத்தாங்க. வடிகட்டாம அனுப்புறேன்னு அதிபர் வாக்கு கொடுத்திருந்தார். அப்புறம் அரசு அதை எப்படிக் கையாண்டுச்சுன்னு அந்த உறுப்பினர்களே மதிப்பெண் போட்டப்போ சராசரி பத்துக்கு 3.3. ஒருமுறை இப்படி ஆனா, அடுத்த அழைப்பு வர்றப்போ யார் எழுந்து வருவாங்க?

பெல்ஜியத்தோட கிழக்கு ஓரத்துல ஜெர்மன் பேசற சின்னப் பகுதி ஒண்ணு இருக்கு, ஏறத்தாழ 80,000 பேர். 2019ல அவங்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. குலுக்கல்ல வந்த 24 பேர் கொண்ட நிரந்தரக் குடிமக்கள் குழு. எதைப் பத்திப் பேசணும்னு அந்தக் குழுதான் முடிவு செய்யும், அதுக்குத் தனியா ஒரு குடிமக்கள் சபை கூடும். சபை கொடுக்கிற பரிந்துரையை நாடாளுமன்றம் விவாதிச்சே ஆகணும். ஏத்துக்கலன்னா ஏன்னு காரணம் சொல்லணும்.

நீங்க நடத்துறது ஒரு தெருக் கூட்டமா இருந்தாலும் இதைச் செய்யலாம். கூப்பிடுறப்பவே சொல்லிடுங்க: "முடிவு எடுக்கிற அதிகாரம் எங்ககிட்ட இல்ல. நீங்க சொல்றதை இன்னார்கிட்ட, இந்தத் தேதியில கொடுப்போம். அவங்க என்ன சொன்னாங்கன்னு இந்தத் தேதியில உங்ககிட்ட வந்து சொல்லுவோம்." பதில் மோசமா இருந்தாலும் அந்தத் தேதியில போய் நில்லுங்க. அடுத்த கூட்டத்துக்கான தலைப்பை அன்னிக்கு அவங்ககிட்டயே கேளுங்க.